கடுகு முயல்: பிரெஞ்சு வீட்டுச் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சில் டிஜோன் நகரில் குடியிருந்த நாட்களில், மேல் மாடியில் இருந்த ஒரு வயதான மதாமிடம் கற்றுக்கொண்ட சமையல் இது. அதன்பிறகு உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலர் தொலைபேசியில் கேட்டுக்கேட்டு ஒரே பதிலைப் பத்து முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன உணவு?

பிரெஞ்சில் ‘லப்பேன் அ லா முதார்த்’ என்பார்கள். கடுகு போட்ட முயல் என்பதுதான் பொருள். முயல் துண்டுகளை வெண்ணெயில் சிவக்க வறுத்து, கடுகு விழுது பூசி, வெள்ளை ஒயினில் மூடிய சட்டியில் மெதுவாக வேகவைத்து, கடைசியில் கிரீம் சேர்த்து இறக்குவது. பெரிய உணவகச் சமையல் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் செய்வது. பிரான்சின் கிராமங்களில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே முயல் கூண்டும் இருக்கும். காரட் இலையும் முட்டைக்கோஸ் தோலும் தின்று வளர்ந்த முயல் ஒருநாள் சட்டிக்கு வரும்.

இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. காளானும் தக்காளியும் சேர்த்தால் ‘ஷசேர்’, அதாவது வேட்டைக்காரர் பாணி. உலர்ந்த பிளம் பழம் சேர்ப்பது வடக்குப் பகுதியிலும் பெல்ஜியத்திலும் பிரபலம். அங்கே ஒயினுக்குப் பதிலாக பீர் ஊற்றுபவர்களும் உண்டு. பன்றிக்கறி, சின்ன வெங்காயம், காளான், வெள்ளை ஒயின் சேர்ந்தது ‘ஜிப்லோத்’. முதலில் கடுகு முயலைப் பழகுங்கள், மற்றவை தானாக வரும்.

நாம் வைக்கும் கறிக்குழம்பும் இதுவும் ஒன்றுதானே? கொதிக்கவைத்தால் வெந்துவிடாதா?

எல்லாரும் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன்.

முதல் முறை செய்தபோது ஆட்டுக்கறி நினைப்பில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, தீயை ஏற்றி, தளதளவென்று கொதிக்கவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறி நாராகி, மென்றால் பஞ்சு போலிருந்தது. குழம்பு மட்டும் நன்றாக இருந்தது. மதாம் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தன் சமையலறைக்குக் கூப்பிட்டு, சட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கொதியே இல்லை. நீரின் மேற்பரப்பு லேசாக அதிர்ந்தபடி இருந்தது. ஓர் ஓரத்தில் இரண்டு மூன்று குமிழிகள் எழுந்து அடங்கின. “கொதிக்கக் கூடாது முசியே, நடுங்க வேண்டும்” என்றார். பிரெஞ்சுச் சமையலில் இதற்கு ‘ஃபிரேமீர்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. குளிரில் உடம்பு நடுங்குவதற்கும் அதே சொல்தான்.

காரணம் எளியது. முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறியில் கொழுப்பு உருகி நம் பிழையை மறைத்துவிடும். முயலில் மறைக்க ஒன்றும் இல்லை. தீ அதிகமானால் தசை சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்துவிடும். ஆனால் பின்னங்கால்களில் இணைப்புத் திசு இருக்கிறது. அது கரைந்து வழவழப்பாக மாற நேரம் வேண்டும். அதனால்தான் குறைந்த சூடு, நீண்ட நேரம்.

இன்னொரு வேறுபாடு நீரின் அளவு. குழம்பில் கறி மூழ்கியிருக்கும். இதில் துண்டுகளின் பாதி உயரம் வரைதான் நீர் நிற்க வேண்டும். மேல் பாதி ஆவியில் வேகும். பிரியாணிக்குத் தம் போடுவதை நினைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எந்த முயல் வாங்க வேண்டும்?

பண்ணை முயல். தோலுரித்துச் சுத்தம் செய்தபின் 1.2 முதல் 1.5 கிலோ வரை இருப்பது நாலைந்து பேருக்குப் போதும். கறி வெளிர் ரோஜா நிறத்தில், ஈரம் வழியாமல், வாடையில்லாமல் இருக்க வேண்டும்.

காட்டு முயல் வேறு கதை. பிரான்சில் வேட்டைப் பருவத்தில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வளைமுயல், சிறியது. மற்றொன்று ‘லியேவ்ர்’, அது பெரியது, கறி கருஞ்சிவப்பு, சிவப்பு ஒயினிலேயே சமைக்க வேண்டியது. இந்தச் செய்முறைக்கு இரண்டுமே ஒத்துவராது. காட்டு முயல்களிடமிருந்து துலரேமியா என்ற நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால், வெட்டுபவர்கள் கையுறை போட்டுக்கொள்வார்கள்.

இந்தியாவில் முயல் கறி கிடைக்குமா?

பண்ணை முயல் கிடைக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளை இருக்கிறது. இறைச்சி முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முயல் வளர்ப்போர் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2 கிலோ எடையுள்ள முயலை அறுத்தால் பாதி எடைக்குச் சற்று மேல் கறி தேறும்.

வயல்வெளியில் ஓடும் காட்டு முயலை மட்டும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.

முயலே கிடைக்காவிட்டால் எலும்போடு கூடிய கோழித் தொடை வாங்குங்கள். நேரம் 35 முதல் 40 நிமிடம். நன்றாகவே இருக்கும்.

கடையில் சின்னத் துண்டுகளாக வெட்டித் தருகிறார்களே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. முயலின் எலும்பு மெல்லியது. கத்தியை ஓங்கி வெட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும். குழம்பில் கலந்த சிம்பு பல்லிடுக்கில் குத்தும், தொண்டையிலும் குத்தலாம். மூட்டு மூட்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு, முதுகுச் சதை இரண்டு அல்லது மூன்று துண்டு. முன்னங்கால் எலும்பு உடலோடு மூட்டாகச் சேர்வதில்லை, தசைதான் பிடித்திருக்கிறது. அதனால் சிறு கத்தியால் வருடினாலே கையோடு வந்துவிடும். விலாப் பகுதியில் கறி கிடையாது. அதைத் தனியே எடுத்து ஒரு காரட், ஒரு வெங்காயத்தோடு வேகவைத்துச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாறுதான் பிறகு சட்டிக்குள் போகும்.

தேவையானவை?

முயல் 1 (சுமார் 1.4 கிலோ). டிஜோன் கடுகு விழுது 4 மேசைக்கரண்டி, அதற்குமேல் கடைசியில் சேர்க்க 1 கரண்டி. வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பூண்டு 2 பல். மைதா 1 மேசைக்கரண்டி. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 200 மில்லி. விலா எலும்புச் சாறு அல்லது கோழிச் சாறு 200 மில்லி. கெட்டி கிரீம் 200 மில்லி. தைம் என்ற வாசனைத் தழை இரண்டு மூன்று காம்பு, லாரல் என்ற வாசனை இலை 1. விரும்பினால் புகையூட்டிய பன்றிக்கறி 100 கிராம், சிறு குச்சிகளாக நறுக்கியது. உப்பு, மிளகு.

உப்பைக் கை அடக்கிப் போடுங்கள். கடுகிலும் பன்றிக்கறியிலும் ஏற்கனவே உப்பு இருக்கிறது.

செய்முறையை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

துண்டுகளை ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, துணியால் ஒற்றி, உப்பும் மிளகும் தடவுங்கள். அடி கனமான சட்டியில் பன்றிக்கறியை வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் எண்ணெயும் வெண்ணெயும் சேர்த்து, முயலை இரண்டு தடவையாகப் போட்டு எல்லாப் பக்கமும் பொன்னிறமாக வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திணித்தால் தண்ணீர் விட்டு வெளுத்துப்போகும். ஒவ்வொரு தடவைக்கும் எட்டு பத்து நிமிடம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

துண்டுகளைத் தட்டில் எடுத்துவைத்து, சூடாக இருக்கும்போதே கடுகு விழுதைப் பூசுங்கள். சிலர் முதலிலேயே கடுகு பூசிவிட்டு வறுப்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை; கடுகு அடிப்பிடித்துக் கருகி, குழம்பு முழுக்கக் கசப்பு ஏறிவிடுகிறது.

அதே சட்டியில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, நசுக்கிய பூண்டும் மைதாவும் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். சுவையின் பாதி அந்தப் படிவில்தான் இருக்கிறது. ஒயின் பாதியாகச் சுண்டியதும் சாறு, தைம், லாரல் இலை, பின்னங்கால்கள், முன்னங்கால்கள், பன்றிக்கறி எல்லாம் உள்ளே. மூடி, தீயைச் சிறிதாக்குங்கள். 25 நிமிடம் கழித்து முதுகுத் துண்டுகளைச் சேருங்கள். அதற்குப் பிறகு இன்னும் 25 முதல் 30 நிமிடம். அடுப்புக்குப் பதில் ஓவன் என்றால் 160 டிகிரி செல்சியஸ், மூடியோடு.

பின்னங்கால் எலும்பிலிருந்து கறி லேசாக விலகத் தொடங்கினால் பதம். கறியை எடுத்து மூடிவைத்து, குழம்பில் கிரீம் சேர்த்து ஐந்து நிமிடம் சுண்டவிட்டு, தீயை அணைத்துவிட்டு, கடைசிக் கரண்டிக் கடுகைக் கலந்து, கறியை மீண்டும் உள்ளே போடுங்கள்.

முதுகுத் துண்டை ஏன் தாமதமாகச் சேர்க்க வேண்டும்?

முயல் ஓடுவது பின்னங்காலால். முதுகுச் சதை அவ்வளவு உழைப்பதில்லை. அதில் கரைய வேண்டிய திசுவும் இல்லை. கால் வேகும் வரை முதுகையும் வைத்திருந்தால் வறண்டுவிடும். கறியின் உட்சூடு 71 டிகிரியைத் தொட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று பொருள். முதுகுக்கு அதற்குமேல் வேண்டாம்.

எந்தக் கடுகு விழுது? நம் தாளிக்கும் கடுகை அரைத்துப் போடலாமா?

டிஜோன் கடுகு என்பது ஊர்ப்பெயர்தானே தவிர ஊருக்குச் சொந்தமல்ல, செய்முறைப் பெயர். 1937ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை ஒன்று அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. எங்கே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் எந்த நாட்டிலும் செய்யலாம். டிஜோன் இருக்கும் பர்கண்டிப் பகுதியின் மண்ணில் விளைந்த கடுகும் அங்கத்திய வெள்ளை ஒயினும் சேர்த்துச் செய்ததற்கு ‘பர்கண்டிக் கடுகு’ என்று தனிப் புவிசார் குறியீடு 2009இல் கிடைத்தது. விலை கூடுதல். இந்தச் சமையலுக்கு அது கட்டாயமில்லை.

பெரும்பாலான விதை கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021இல் அங்கே வறட்சி. 2022 கோடையில் டிஜோன் நகரக் கடைகளிலேயே கடுகு அலமாரி காலி. ஒருவருக்கு ஒரு பாட்டில்தான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கடுகுத் தலைநகரில் கடுகுக்கு ரேஷன்! மதாம் தன் அலமாரியின் பின்னாலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

பாட்டிலின் பின்புறம் படியுங்கள். கடுகு விதை, நீர், வினிகர், உப்பு இவைதான் பிரதானமாக இருக்க வேண்டும். மஞ்சள் தூளும் சர்க்கரையும் சேர்த்த பளிச்சென்ற மஞ்சள் விழுது ஹாட் டாக் கடைக்குரியது, இங்கே வேண்டாம்.

நம் கடுகை அரைக்கலாமா என்றால், அரைக்கலாம். டிஜோன் விழுதுக்குப் பயன்படும் பழுப்புக் கடுகும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே இனம்தான். வறுக்காமல், தண்ணீரில் ஊறவைத்து நைசாக அரைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு வினிகரும் உப்பும் சேருங்கள். முதல் நாள் கசக்கும். இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில் இருந்தால் அடங்கும்.

கடைசியில் மறுபடியும் கடுகு எதற்கு?

கடுகு விதைக்குள் காரம் தயாராக இல்லை. நசுக்கி ஈரம் பட்டதும் உள்ளிருக்கும் ஒரு நொதி வேலைசெய்து காரத்தை உண்டாக்குகிறது. சூடு அந்த நொதியைக் கெடுத்துவிடும். நம் தாளிப்பில் வெடிக்கும் கடுகு மணக்கிறது, மூக்கில் ஏறுவதில்லை அல்லவா? ஆவக்காயில் பச்சையாகப் பொடித்துப் போட்டது மட்டும் ஏறுகிறது. காரணம் அதுதான். ஏற்கனவே உண்டான காரமும் எளிதில் ஆவியாகிவிடும். ஒரு மணி நேரம் சட்டியில் கிடந்த கடுகில் காரம் போய், ஒரு மெல்லிய புளிப்பும் கெட்டித்தன்மையும்தான் மிஞ்சும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் சாப்பிடும்போது ‘கடுகு’ என்று தெரிய, அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி பச்சையாகச் சேர வேண்டும். முழு விதை தெரியும் வகை இருந்தால் இந்தக் கடைசிக் கரண்டிக்கு அதையே போடுங்கள்.

லாரல் இலைக்குப் பதில் பிரிஞ்சி இலை?

வேண்டாம். இரண்டும் வெவ்வேறு மரங்கள். பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். வாசனை பட்டையைச் சேர்ந்தது. லாரலில் நடுநரம்பு ஒன்றுதான். கிடைக்கவில்லையா, இலையே இல்லாமல் செய்யுங்கள். தைம் மட்டும் போதும்.

சின்ன வெங்காயம் பற்றிக் கவலை வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ‘எஷலோத்’ என்று விலை கொடுத்து வாங்குவது நம் சாம்பார் வெங்காயத்தின் நெருங்கிய சொந்தம்தான்.

ஒயின் இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். ஒயின் தருவது புளிப்பு. கோழிச் சாற்றை 350 மில்லியாகக் கூட்டி, ஒரு மேசைக்கரண்டி வெள்ளை ஒயின் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள். மதுவைத் தொடாதவர்களுக்காகத்தான் இந்த மாற்று. ‘கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கொஞ்சம் தங்கும்.

கிரீம் திரிந்துபோகிறதே?

கொழுப்பு குறைவான கிரீம் புளிப்பும் சூடும் பட்டால் திரியும். பிரான்சில் பயன்படுத்தும் ‘கிரேம் ஃபிரேஷ்’ லேசாகப் புளித்தது, கெட்டியானது, 30 சதவீதத்துக்குக் குறையாத கொழுப்புள்ளது, கொதித்தாலும் தாங்கும். பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீம்தான் கிடைக்கிறது என்றால், தீயை மிகக் குறைத்து, சூடான குழம்பில் இரண்டு கரண்டி எடுத்து முதலில் கிரீமில் கலந்து, பிறகு அதைச் சட்டியில் ஊற்றுங்கள். தயிர் கண்டிப்பாகத் திரியும். தேங்காய்ப் பால் திரியாது, ஆனால் அப்போது நீங்கள் சமைப்பது வேறு உணவு.

பன்றிக்கறி கட்டாயமா?

இல்லை. அதன் இடத்தில் வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கறியை மஞ்சள் போட்டுக் கழுவி, இஞ்சி பூண்டு விழுதில் ஊறவைக்கலாமா?

கழுவினால் கறி ஈரமாகும். ஈரக் கறி சிவக்காது. கழுவாமல் மனம் கேட்காது என்றால் கழுவிவிட்டு ஒரு சொட்டு நீர் இல்லாமல் துணியால் துடையுங்கள். மஞ்சள் வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், மல்லித் தூள் சேர்த்தால் முயல் குழம்பு கிடைக்கும். அது அருமையான உணவு. இட்லிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அதை வேறொரு நாள் செய்யுங்கள். என் மைத்துனர் ‘கொஞ்சம் கரம் மசாலா மட்டும்’ என்று இன்றும் தொலைபேசியில் வாதாடுகிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது?

குக்கரில் வைக்கலாமா?

கால்களை வைக்கலாம், ஒயின், சாறோடு 15 நிமிடம். முதுகுத் துண்டுகளைப் போடாதீர்கள். குக்கரைத் திறந்தபின், மூடாத குழம்பில் அவற்றைத் தனியே வேகவையுங்கள். கிரீமும் கடைசிக் கடுகும் அதற்குப் பிறகுதான். நேரம் மிச்சமாகும், சுவை ஒரு படி இறங்கும்.

ஈரலை என்ன செய்வது?

முதலில் பித்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாகச் சிறு பை தெரிந்தால் உடையாமல் வெட்டி எறியுங்கள். உடைந்தால் எல்லாம் கசப்பு. பிறகு ஈரலை வெண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வதக்கி நன்றாக வேகவிட்டு, மசித்துக் குழம்பில் கலக்கலாம். சமையல்காரர் அடுப்படியிலேயே ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிடுவதும் உண்டு. எங்கள் வீட்டில் அது கலக்கும் வரை மிஞ்சியதில்லை.

பிரான்சில் முயலைத் தலையோடு விற்கிறார்களாமே, ஏன்?

சந்தையில் கண்ணும் பல்லுமாக வரிசையாகப் படுத்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பின்வாங்குவார்கள். தோலுரித்த பூனையும் முயலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால், பூனையை முயலென்று விற்கும் ஏமாற்றுக்குப் பயந்து வந்த வழக்கம் என்று சொல்வார்கள். தலை வேண்டாம் என்றால் கடைக்காரரே வெட்டிவிடுவார்.

முயலைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் விசித்திரங்கள் பல. வருகிறேன் என்று சொல்லி வராமல் ஏமாற்றினால் ‘முயல் வைத்துவிட்டான்’ என்பார்கள். கப்பலில் ‘முயல்’ என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிய முயல்கள் சணல் கயிற்றைக் கடித்து அறுத்ததால் வந்த பயமாம். ‘நீளக் காது விலங்கு’ என்று சுற்றிவளைத்துச் சொல்வார்கள்.

முயலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சாப்பிட மனம் வரவில்லையே?

சாப்பிடாதீர்கள். இதில் வற்புறுத்த ஒன்றும் இல்லை. பிரான்சிலும் முயலைச் செல்லமாக வளர்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சமைக்க மாட்டார்கள். கோழித் தொடைக் குறிப்பு மேலே இருக்கிறது.

எதோடு பரிமாறுவது?

அகலப் பட்டை பாஸ்தா, அல்லது அவித்த உருளைக்கிழங்கு. குழம்பைத் துடைத்தெடுக்க ரொட்டி அவசியம். சோறு கூடாதா என்று கேட்பவர்களுக்கு: கூடும். மதாம் முகம் சுளித்தார், பிறகு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தால்?

குளிர்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி சாறு ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரங்கள் விறைத்துவிடும். உறையவைத்துச் சேமிப்பதாக இருந்தால் கிரீம் சேர்க்கும் முன்பே பாதியைத் தனியே எடுத்துவிடுங்கள். நான் செய்வது: எலும்பை நீக்கி, கறியை உதிர்த்து, மிஞ்சிய குழம்பிலேயே பிரட்டி, வெந்த பாஸ்தாவில் கொட்டிக் கிளறி, நின்றபடியே சட்டியிலிருந்து சாப்பிடுவது.